ரொசேரின் ரசமட்டம்

என் கணவன் ரொசேர் ஓய்வு பெற்ற பிறகு செய்த முதல் காரியம், எங்கள் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களை நேராக்கியது.

சமையலறை அலமாரிகளைப் பொருத்துவதுதான் அவன் தொழில். பிறர் வீட்டுச் சுவர்களில் ரசமட்டத்தை வைத்து, கண்ணாடிக்குள் இருக்கும் சின்னக் குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்து நிற்கும்வரை ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துப் பார்த்தே காலம் போனவன். எங்கள் ஊரான வூன்சாகெட்டில் பாதி சமையலறைகள் அவன் கை பட்டவை. வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும் பார்ப்பதற்கு வேறு சுவர் இல்லாமல் போய்விட்டது. ஒரு அக்டோபர் காலையில் வரவேற்பறை ரேடியேட்டரின் தலைமேல் ரசமட்டத்தை வைத்தான். குமிழி ஓரமாக ஓடி ஒட்டிக்கொண்டது.

"க்ளோ! இங்க வந்து பாரு. இத்தன நாளா இது கோணலா நின்னிருக்கு. யாரும் பாக்கல."

கோணலாக நிற்பதற்காகத்தான் அதன் ஒரு பக்கக் கால்களுக்கு அடியில் மர ஆப்பு வைத்திருந்தது. நான் பிறந்த வீடு இது. ஆப்பு வைக்காத ரேடியேட்டரை நான் பார்த்ததே இல்லை. நிலவறையில் இருக்கும் பாய்லர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. ஆவி குழாயில் ஏறி ரேடியேட்டருக்குள் வந்து, இரும்பைச் சூடாக்கி, தான் குளிர்ந்து தண்ணீராகிவிடுகிறது. அந்தத் தண்ணீர் வந்த குழாய் வழியாகவேதான் திரும்ப இறங்கியாக வேண்டும். இந்த வீட்டில் வேறு குழாய் கிடையாது. ஆகவே ரேடியேட்டர் குழாய்ப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நிற்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள ஒருவன் தட்டைச் சாய்த்துச் சூப் குடித்திருந்தால் போதும். ரொசேர் நிறைய சூப் குடித்திருக்கிறான்.

"அது சாஞ்சுதான் இருக்கணும் ரொசேர். தண்ணி இறங்கணும்ல."

அவன் என் தோளைத் தட்டினான். பூனையைத் தட்டுவதுபோல, அன்பாக. "மட்டம் பாக்குறது என் பொழப்பு க்ளோ. அத எங்கிட்ட விட்டுடு."

ஆப்புகளைத் தட்டி எடுத்து அடுப்பில் போட்டான். அன்று மாலை கிளப்பில் சீட்டாடும்போது, என் பெண்டாட்டி வீட்டையே சாய்த்து வைக்கச் சொல்கிறாள் என்று சொல்லியிருக்கிறான். எல்லோரும் சிரித்தார்களாம். அதையும் வீட்டுக்கு வந்து எனக்கே சொன்னான், எனக்கும் சிரிப்பு வரும் என்று நினைத்து.

அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை.

குளிர் இறங்கியதும் ரேடியேட்டர்கள் இடிக்க ஆரம்பித்தன. தேங்கிய தண்ணீரின்மேல் ஆவி வந்து மோதினால், குழாய்க்குள் யாரோ சம்மட்டியோடு உட்கார்ந்திருப்பதுபோல ஒரு சத்தம் வரும். ரொசேர் தலையைச் சாய்த்துக் கேட்டான். வைத்தியன் நாடி பார்ப்பதுபோல. "ஆவிக்கு பலம் பத்தல," என்றான். நிலவறைக்கு இறங்கி பாய்லரின் அழுத்தத்தைக் கூட்டும் திருகைத் திருகினான். இடி இன்னும் பலமானது. ரேடியேட்டரின் மறுகோடியில் தோட்டா வடிவத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு காற்று மூக்கு இருக்கும். ஆவி வரும்போது உள்ளே இருக்கும் காற்று அந்த மூக்கு வழியாக உஸ்ஸென்று வெளியேறும். காற்று வெளியேறினால்தான் ஆவி உள்ளே வரும். ஹாக்கி ஆட்டம் பார்க்கும்போது அந்த உஸ் சத்தம் ரொசேருக்கு இடைஞ்சலாக இருந்தது. வரவேற்பறை மூக்கைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு அடைப்பானை முடுக்கிவிட்டான். வரவேற்பறை குளிர்ந்தது. உடனே அழுத்தத்தை இன்னும் கூட்டினான். மாடி வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அங்கிருந்த மூக்குகளையும் சேர்த்துப் பூசிவிட்டான். மாடியில் குடியிருந்த டீச்சரம்மா முதலில் போர்வை கேட்டாள். பிறகு காலி செய்துகொண்டு போனாள். "எப்பப் பாரு குறை சொல்லிட்டே இருப்பா," என்றான் ரொசேர்.

நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எப்படிச் சொல்வது என்று யோசித்திருக்கிறேன். ஒரு ஆள் தப்பு செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதில் ஒரு இதம் உண்டு. அது வயிற்றுக்குக் கொஞ்சம் மேலே, நெஞ்சுக்குழியில் தொடங்கும். அவன் முழங்கால் நெட்டி முறிய நிலவறைப் படிகளில் இறங்கும்போது எனக்கு அது வரும். கையில் ஸ்பேனரோடு, முகத்தில் எண்ணெய்க் கறையோடு, உலகத்தை ஒரு கை பார்த்துவிட்ட நிம்மதியோடு மேலே ஏறி வரும்போது இன்னும் நன்றாக வரும். அவனுக்குக் காபி கொடுப்பேன். "சரியாயிடுச்சா?" என்று கேட்பேன். "ஆயிடும்," என்பான். நான் தலையாட்டுவேன். குளிரில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அந்த இதத்தில் நான் நன்றாகவே இருந்தேன்.

இது திருமணத்தில் அபூர்வமான விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. என் தங்கை தன் கணவன் சாப்பிடும்போது அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு பாய்லர் இருந்தது.

இப்படியே சில வருஷங்கள் போயின. ஒரு நவம்பரில் எங்கள் மகள் ஜோசி ஃபோன் செய்தாள். ஓஹையோவில் இருந்தாள். குழந்தை ஐரிஸ் பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவள் கணவன் டரெலுக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று அவன் கம்பெனி சொல்லிவிட்டது. அவனுடைய அப்பா அம்மா வடக்கு கரோலினாவில் இருக்கிறார்கள். வாருங்கள், பக்கத்து வீடு விலைக்கு வருகிறது என்று கூப்பிடுகிறார்கள்.

"எனக்கு அங்க வரணும்மா," என்றாள் ஜோசி. "நம்ம மாடி சும்மாத்தானே கெடக்கு? ஆனா டரெல் பயப்படுறான். போன கிறிஸ்மஸ்க்கு வந்தப்ப அவனுக்கு மூக்கே உறைஞ்சு போச்சாம். ஜனவரில வந்து இருந்து பாக்குறோம். பாப்பாவுக்கு மாடி ஒத்துக்கிச்சுன்னா அங்கயே இருந்துடுறோம். இல்லன்னா கரோலினா."

"ஒத்துக்கும்," என்றேன்.

"மாடில சூடு இருக்குமா மா?"

"இருக்கும்."

ரிசீவரை வைத்தேன். எனக்கு இந்த உலகத்தில் வேண்டியது என்று அதிகம் இல்லை. அந்தக் குழந்தை என் தலைக்கு மேலே தவழ வேண்டும், அந்தச் சத்தம் என் கூரையில் கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அது இப்போது ரொசேரின் கையில் இருந்தது.

அப்போதாவது அவனிடம் சொல்லியிருக்கலாம். கிறிஸ்மஸ்வரை ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்தேன். அவனோ மகள் வருகிறாள் என்ற உற்சாகத்தில் மாடிக்கும் நிலவறைக்கும் ஏறி இறங்கி, மாடி ரேடியேட்டர்கள் எல்லாவற்றையும் மறுபடி ஒரு தடவை மட்டம் பார்த்து வைத்தான். சொல்லவேண்டிய வார்த்தைகள் என் வாய்வரை வரும். அவன் ஒற்றைக் கண்ணை மூடுவான். வார்த்தைகள் திரும்பிப் போய்விடும்.

புத்தாண்டு கழிந்து அவர்கள் வந்தார்கள். டரெல் உயரமானவன், மென்மையாகப் பேசுவான். எதைச் சொன்னாலும் முதலில் ஃபோனைப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வான். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான், அதுவும் ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து. மறுநாள் விடியும்போதே இடி ஆரம்பித்தது. மாடியிலிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. நான் மேலே போனபோது ஐரிஸுக்குக் கம்பளித் தொப்பி போட்டு, கோட்டுக்குள் வைத்து மூடியிருந்தாள் ஜோசி. டரெல் படுக்கையறை ரேடியேட்டருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"க்ளோடெட், இந்த ரூம்ல மட்டும் கொஞ்சம் அதிகமா சூடு வருது, மத்த ரூம்ல வரவே இல்ல. அதனால இந்த வால்வைப் பாதி மூடிட்டேன். ஆவி மத்த ரூமுக்குப் போகட்டும்னு. சரிதானே?"

வால்வை முழுக்கத் திறக்க வேண்டும், இல்லை முழுக்க மூட வேண்டும். பாதியில் வைத்தால் வரும் ஆவி இறங்கும் தண்ணீரை வழிமறிக்கும். அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள், பெயின்ட் உரிந்திருந்த அந்த ஒரு காற்று மூக்கு அவன் சட்டையில் ஒரு வாய்த் தண்ணீரைத் துப்பியது.

"ஓ," என்றான் டரெல். ஃபோனை எடுத்தான்.

ரொசேர் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தான். கையில் ரசமட்டம். மருமகனுக்கு முன்னால் அதை ரேடியேட்டர்மேல் வைத்து, "பாத்தியா, கச்சிதம்," என்றான். "கொறை கீழ பாய்லர்லதான். பழசாயிடுச்சு, ஆவிக்குத் தெம்பு இல்ல. நான் போய் பிரஷரைக் கூட்டிட்டு வரேன்."

"நானும் வரட்டுமா?" என்றான் டரெல்.

"வா வா. ஒனக்குக் காட்டுறேன்."

இரண்டு பேரும் படி இறங்கிப் போனார்கள். ஒருவன் சொல்லிக்கொண்டும் மற்றவன் ஃபோனில் தேடிக்கொண்டும். ஜோசி என்னைப் பார்த்தாள். நான் கண்களை மேலே உருட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது சாப்பாட்டு மேசையில் இதே மாதிரி என் கண்ணைப் பார்த்துச் சிரிப்பாள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. என் பக்கத்துக்கு ஒரு ஆள் இருக்கிறாள் என்று.

அந்த வாரம் முழுக்க இதுதான் நடந்தது. ஐரிஸுக்குச் சளி பிடித்தது. டரெல் தன் அம்மாவிடம் ஃபோனில் தாழ்ந்த குரலில் பேசுவது படிக்கட்டில் கேட்டது. "செவன்டி டிகிரி மா? கோட்டே வேணாமா? அங்கயா? இப்பவா?" என்று. ஜோசி கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை கிளப்பில் பட்டாணி சூப்பும் சீட்டாட்டமும் உண்டு. ரொசேர் மருமகனையும் காட்டிவிட்டு வருகிறேன் என்று கூட்டிப்போனான். அவர்களுடைய கார் தெருமுனை திரும்பியதும் நான் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். மாடிக்கும் வரவேற்பறைக்குமாகப் புதிய காற்று மூக்குகள் வாங்கினேன். வீட்டுக்கு வந்து, பின்கட்டில் கிடந்த தேவதாரு சட்டத்தைச் சின்னச் சின்ன ஆப்புகளாக அறுத்தேன்.

"என்னம்மா பண்ற?"

"நீ வா. குழந்தைய தொட்டில்ல போட்டுட்டு வா. ஒரு பக்கம் தூக்கணும்."

நீளமான இரும்புக் கடப்பாரையை ரேடியேட்டரின் அடியில் கொடுத்து ஜோசி அழுத்திப் பிடித்தாள். நான் தரையில் படுத்து, மூக்கு இருக்கும் பக்கத்துக் கால்களுக்கு அடியில் ஆப்பைத் தள்ளினேன். பழைய மூக்கைத் திருகி எடுத்துப் புதியதைப் பொருத்தினேன். பெயின்ட் அடைத்த மூக்கை ஜோசி வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். காற்றே போகவில்லை. "அய்யோ," என்று சிரித்தாள். முகத்தில் புழுதி, தலைமுடி கலைந்திருந்தது. ஒவ்வொரு அறையாக நகர்ந்தோம். கீழே வந்து வரவேற்பறையில் அடைப்பானை எடுத்தோம். பிறகு நிலவறை. அழுத்தத் திருகை அது இருக்க வேண்டிய இடத்துக்குக் குறைத்தேன். பாய்லரின் பக்கத்தில் உள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் காபி நிறத்தில் மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தது. வாரம் ஒருமுறை வடிக்க வேண்டிய அழுக்கை ரொசேர் எப்போது கடைசியாக வடித்தான் என்று கடவுளுக்குத்தான் தெரியும். வாளியைப் பிடிக்கச் சொல்லிக் குழாயைத் திறந்தேன். துருச் சேறு கொட்டியது. தெளியும்வரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன்.

மேலே வந்து தெர்மோஸ்டாட்டை ஏற்றினோம். ஜோசி மாடிப் படுக்கையறையில் ரேடியேட்டர்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். குழாய் சூடேறியது. மூக்கு மெதுவாக மூச்சு விட்டது. சூடு ஒவ்வொரு மடிப்பாக நகர்ந்து மறுகோடிக்குப் போனது. மூக்கு 'டிக்' என்று மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஜோசி என்னைக் கட்டிக்கொண்டாள். "மா! இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"ஒனக்கு இதெல்லாம் எப்பலேர்ந்து தெரியும்?"

"எப்பவுமே தெரியும். நான் பொறந்த வீடு."

"அப்ப ஏன் இத்தன வருஷமா இப்படியே விட்ட?"

"ஒங்கப்பா மட்டம் பாத்து வச்சாருல்ல? குமிழி நடுவுல நின்னுச்சு. ஒலகமே நின்னுடுச்சு. நான் யாரு நடுவுல?"

இந்தத் தொனியில் நான் சொன்னால் அவள் எப்போதும் சிரிப்பாள். இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றது. என் முகத்தை ஏதோ தேடுவதுபோலப் பார்த்துவிட்டு, "குளிர்ல உக்காந்திருந்தியா நீ, இத்தன வருஷமும்?" என்றாள். தொட்டிலைப் பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்த மிக நல்ல வாரம். மாடியில் ஐரிஸ் வெறும் சட்டையோடு தரையில் புரண்டாள். அந்தத் தொப் தொப் சத்தம் என் கூரையில் கேட்டது. பாத்திரம் கழுவும்போது குழாயை நிறுத்திவிட்டுக் கேட்பேன். டரெல் கம்பளிச் சட்டையைக் கழற்றினான். கரோலினா பற்றிய பேச்சு குறைந்தது. தெருவில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தைப் பற்றி ஜோசி விசாரித்தாள்.

ரொசேர் ஒவ்வொரு நாளும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துப் பூரித்தான். "பிரஷரைச் சரியான எடத்துல நிறுத்திட்டேன். அதுக்குக் கொஞ்ச நாள் எடுத்துக்கிச்சு, அவ்ளோதான்." அவன் கண்ணில் ஆப்புகள் படவில்லை. காலுக்கு அடியில் குனிந்து பார்க்கிற ஆளில்லை அவன். மேலே வைத்துப் பார்க்கிறவன். நான் ஜோசியைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் எல்லோரும் சாப்பிட்டோம். பன்றிக்கறி வைத்து மாவால் மூடிச் சுட்ட தூர்த்தியேரை நான் வெட்டிக்கொண்டிருந்தேன். ஐரிஸின் பந்து ரேடியேட்டருக்கு அடியில் உருண்டு போனது. ரொசேர் மண்டியிட்டு அதை எடுக்கக் குனிந்தான். எழுந்திருக்கவில்லை.

"இதென்னது? யாரோ கட்டய சொருகி வச்சிருக்காங்க."

கீழே போனான். ரசமட்டத்தோடும் சுத்தியலோடும் திரும்பி வந்தான். ரேடியேட்டர்மேல் வைத்தான். குமிழி ஓரத்துக்கு ஓடியது.

"கோணிட்டு நிக்குது!" என்றான். வருத்தமாகத்தான் சொன்னான். மறுபடி மண்டியிட்டுச் சுத்தியலை ஓங்கினான்.

"தொடாத!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கத்தி கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"நான்தான் வச்சேன். அது சாயணும். சாஞ்சாத்தான் தண்ணி எறங்கும். மூக்கெல்லாம் அடச்சு, பெயின்ட் அடிச்சு, பாய்லரைச் சேறாக்கி, நீயே ஒடச்சிட்டு நீயே வைத்தியம் பாத்துட்டு நின்னியே, எத்தன வருஷம் ரொசேர்? நான் ஒரு தடவ சொன்னேன். நீ போய்க் கிளப்புல சொல்லிச் சிரிச்ச. ஒன்னப் பாத்துத்தான் அங்க எல்லாரும் சிரிக்கிறாங்க, தெரியுமா? ஒரு தகரக் குழல வச்சுட்டு உலகத்தயே அளக்குறான் பாருன்னு. ஒனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு குமிழிதான். அதத் தாண்டி ஒண்ணுமே கெடையாது. எப்பவுமே கெடையாது."

கிளப்பில் யாரும் அவனைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அங்கே எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். ஆனால் சொல்லும்போது எனக்கு அது உண்மையாகவே இருந்தது. நெஞ்சுக்குழியில் இருந்தது மொத்தமும் வாய் வழியாக வந்தது. நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னால் அவ்வளவு தெளிவாகப் பேசியது எனக்கு நன்றாக இருந்தது.

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தேன். அவன் கோபப்படவில்லை. சுத்தியலைத் தரையில் படுக்கவைத்தான். ஆப்பைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். காது மடல்கள் சிவந்திருந்தன. மண்டியிட்டபடியே என் பக்கம் திரும்பி, "சரி," என்றான். "அப்ப எந்தப் பக்கம் சாயணும்? எவ்வளவு? காட்டு. நானும் தெரிஞ்சுக்குறேன்."

அப்போது நான் காட்டியிருக்க வேண்டும். அது எனக்கு அந்தக் கணத்திலேயே தெரியும். குனிந்து, விரலால் இங்கே என்று காட்டினால் முடிந்தது.

"ஒனக்குச் சொன்னாப் புரியாது," என்றேன்.

டரெல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனான். ரொசேர் மேசைக்காலைப் பிடித்து எழுந்து, தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தான். "நல்லாருக்கு க்ளோ," என்று என் சமையலைச் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை காலை ஜோசி என்னை மேலே கூப்பிட்டாள். குழந்தைத் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அறை இளஞ்சூடாக, வெளிச்சமாக இருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"கரோலினாவுக்குப் போறோம் மா. வெள்ளிக்கெழமை."

"ஏன்? இப்ப சூடு வருதே! சத்தம்கூட இல்லயே!"

"வருது. நல்லாத்தான் இருக்கு. பாப்பாவுக்குச் சளி போயிடுச்சு."

"பின்ன? டரெல் சொன்னானா?"

"அவன் இருக்கலாம்னுதான் சொல்றான். நான்தான் வேணாங்கறேன்." சின்னச் சாக்ஸ் ஒன்றின் ஜோடியைத் தேடினாள். "நேத்து அவன் அந்த வால்வைத் திரும்பவும் பாதி மூடி வச்சிருந்தான். நான் ஒண்ணு சொன்னேன். 'ஒனக்கெல்லாம் சொன்னாப் புரியாது'ன்னு. சொல்லிட்டுக் கண்ண உருட்டினேன். யாரைப் பாத்து உருட்டினேன் தெரியுமா? பாப்பாவ. மடில இருந்தா. அவ சிரிச்சா."

"அதுக்கு என்ன? அவன் செஞ்சது தப்புதானே. பாதி மூடக் கூடாதுன்னு..."

"தப்புதாம்மா," என்றாள். "அவன் செஞ்சது தப்புதான். நீ சொல்றது எப்பவும் சரியாத்தான் இருக்கு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அணைத்திருப்பேன். சாக்ஸின் ஜோடி கிடைத்தது. இரண்டையும் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள்.

"நான் அப்பாகிட்ட மன்னிப்புக் கேக்குறேன்," என்றேன். கேட்கப்போவதில்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "கேளும்மா," என்றாள் அன்பாக. ரொசேர் என் தோளைத் தட்டியபோது இருந்த அதே அன்பு.

வெள்ளிக்கிழமை டரெல் காரில் பெட்டிகளை அடுக்கினான். கனமானதை மேலே, லேசானதைக் கீழே. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ரொசேர் பனியில் வெறுந்தலையோடு நின்று அவனுக்கு எடுத்துக் கொடுத்தான். குழந்தையின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, கார் போன பிறகும் நடைபாதையிலேயே நின்றான். பெரிய மூக்கு, பெரிய கோட்டு, கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டு. ஒன்றும் செய்யத் தெரியாத ஆள் என்று நினைத்தேன். நினைத்ததும் எனக்கு அந்தப் பழைய இதம் வரவில்லை. குளிர்தான் அடித்தது, அவ்வளவு சூடான வீட்டில்.

அன்று மதியம் அவன் நிலவறைக்குப் போனான். நான் படிக்கட்டின் தலைப்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தேன். வாளியை வைக்கும் சத்தம் கேட்டது. அழுக்கை வடிக்கப் பார்க்கிறான். கண்ணாடிக் குழாய்க்குக் கீழே உள்ள சின்னக் குழாயைத் திறந்துவிட்டான், பெரியதை விட்டுவிட்டு. தண்ணீர் நூலாக வந்தது. "அது இல்ல, கீழ இருக்கறது," என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்கு முன்னால் அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அந்தக் குரலில்தான் வந்தது. வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். நர்ஸ் பேசுவதுபோல வந்தது. இன்னொரு முறை. அதிலும் ஒரு ஓரத்தில் கண் உருண்டது. என் வாயில் அந்த ஒரு குரல்தான் இருக்கிறதா என்று படியில் உட்கார்ந்து யோசித்தேன். அரையிருட்டில், கீழே, அவன் பொறுமையாகத் தண்ணீர் நூல் விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மாலை ஜோசி வழியிலிருந்து ஃபோன் செய்தாள். நான்தான் எடுத்தேன். பென்சில்வேனியாவில் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறார்களாம். பாப்பா தூங்குகிறாளாம்.

"ரூம் சூடா இருக்கா?"

"இருக்கு மா. அப்பா இருக்காரா?"

கொடுத்தேன். அவன் சுவரில் சாய்ந்துகொண்டு நெடுநேரம் கேட்டான். "ஆமாம்மா" என்றான். "ச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றான். பிறகு குரலை உயர்த்தி, எனக்குக் கேட்க வேண்டும் என்று இல்லை, தூரத்து ஊருக்குப் பேசும்போது அவன் எப்போதும் அப்படித்தான், "ஒங்கம்மாதானே சரி பண்ணா! கிளப்புல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மொத்த வீட்டயும் அவ ஒருத்தியே!" என்றான். பெருமையாகச் சொன்னான். சொந்தமாக ஏதோ சாதித்ததுபோல.

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். இதைச் சொல்ல இத்தனை வருஷம் பிடித்ததா உனக்கு என்று கேட்க வந்தது. பற்களுக்குப் பின்னால் நிறுத்திவைத்தேன்.

அவன் ஃபோனை வைத்துவிட்டு வந்தான்.

"என்ன சொன்னா?"

"அவங்க பாத்து வச்சிருக்குற வீட்டுல ரேடியேட்டரே கெடையாதாம், க்ளோ. சுவத்துல ஒரு ஓட்டைலேர்ந்து சூடா காத்து வருமாம்." அவனுக்கு அது வியப்பாக இருந்தது. உலகத்தில் முதல்முறையாக யாரோ கண்டுபிடித்ததுபோலச் சொல்லிவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நான் சொல்லவில்லை. வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, டிவி பார்க்கப் போனான்.